இரசாயனப் பேராசான் ஆன்றி முவாசான்

நம் கல்லூரி ஆய்வுகூடத்திலே காபைட்டுத் துண்டொன்றின்மீது நீரைச் சொட்டவிட்டு, எழுகின்ற அசற்றலீன் வாயுவைப் பற்றவைத்துப் பாராத விஞ்ஞான மாணவர் அரியர். அவ்வாறே பொசுபேற்றுப் பரிசோதனையில் அமோனியம் மொலிப்தேற்றை ஊற்றி, மஞ்சள் நிற வீழ்படிவு தோன்றுமோ தோன்றாதோ என்று சோதனைக் குழாயை உற்றுநோக்கி நின்ற அனுபவமும் பழைய மாணவர் பலர்க்கு உண்டு. இவ்விரு பொருள்களோடும் நெருங்கிய தொடர்புடையவர் பிரான்சிய இரசாயன அறிஞர் ஆன்றி முவாசான். பாட நூல்கள் அவர்க்கு ஒதுக்குவது பெரும்பாலும் ஒரு வரியே. புளோரீனைப் பிரித்தவர் என்பதோடு அவ்வரி முடிந்துவிடும். அவர் வாழ்க்கை அதனினும் பெரிது.

முவாசான் 1852ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 28ஆம் நாள் பாரிசு மாநகரிலே பிறந்தார். தந்தையார் கிழக்குப் புகையிரதக் கும்பனியில் ஓர் எழுதுவினைஞர். தாயார் தையல் வேலை செய்து குடும்பத்துக்கு உதவியவர். 1864இற் குடும்பம் மோ என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. அங்குள்ள கல்லூரியிலே சிறுவன் கற்றான். எனினும் சர்வகலாசாலைக்குப் புகுதற்கு வேண்டிய தராதரப் பத்திரத்தைப் பெறாமலே பள்ளியை விட்டு விலக நேர்ந்தது. வறுமைதான் காரணம். கடிகாரம் செய்வோர் ஒருவரிடம் சில காலம் தொழில் பழகினான். பின்னர் பாரிசில் ஒரு மருந்துக்கடையிற் பயிலுநனாகச் சேர்ந்தான். ஆசனிக்கு நஞ்சை உண்டு கடைவாயிலில் வந்து வீழ்ந்த ஒருவனை இவ்விளைஞன் தன் அறிவைக்கொண்டே காப்பாற்றினான் என்று ஒரு கதை வழங்கும்.

தராதரப் பத்திரம் இல்லாதவன் அந்நாளிற் பிரான்சிலே மருந்துக்கடைக்காரனாக முடியுமேயன்றி விஞ்ஞானியாக முடியாது. முவாசான் இதனை நன்குணர்ந்தார். 1872இற் பாரிசு இயற்கை விஞ்ஞானப் பொருட்காட்சிச்சாலையின் ஆய்வுகூடத்திற் புகுந்து, முதலிற் பிரெமி என்பாரிடமும் பின்னர்த் தெயரான் என்பாரிடமும் பயின்றார். தெயரானோடு சேர்ந்து, இருளில் இலைகள் ஒட்சிசனை உட்கொண்டு காபனீரொட்சைட்டை வெளிவிடும் வகையை ஆராய்ந்து 1874இல் தம் முதற் கட்டுரையை வெளியிட்டார். பகலெல்லாம் ஆய்வுகூடத்தில் உழைத்து, ஓய்வு நேரத்திற் பரீட்சைக்குப் படித்து, விட்ட பத்திரத்தையும் அதே ஆண்டிற் பெற்றுக்கொண்டார். 1879இல் முதலாந் தர மருந்தாளர். 1880இல் விஞ்ஞானக் கலாநிதி. தாவர ஆராய்ச்சியை அதற்குள் விட்டு, அசேதன இரசாயனத்தையே தம் துறையாகத் தேர்ந்திருந்தார். சேதன இரசாயனமே புகழும் பொருளும் தரும் துறையென்று எல்லாரும் அதன்பின் ஓடிய காலம் அது. முடிந்துபோன துறையென்று பிறர் கைவிட்ட ஒன்றை இவர் எடுத்துக்கொண்டார் என்பது கருதத்தக்கது.

1882இல் மோ நகரத்து மருந்தாளர் லுகான் என்பாரின் மகள் லெயோனியை மணந்தார். மாமனார் செல்வர்; மருமகனுடைய ஆராய்ச்சியில் நம்பிக்கையுள்ளவர். வயிற்றுப்பாட்டுக்காக வேறு தொழில் தேடவேண்டிய கவலை முவாசானை விட்டு நீங்கியது. மாமன்மார் இரசாயனத்துக்குச் செய்த தொண்டை எழுதுவார் எவருமிலர்.

இனிப் புளோரீனுக்கு வருவோம். புளோரசுப்பார் என்னும் கனிப்பொருளிலும் ஐதரோபுளோரிக் கமிலத்திலும் ஒரு மூலகம் மறைந்து கிடக்கின்றதென்பதை இரசாயன அறிஞர் பல காலமாக அறிவர். அதனைத் தனித்தெடுக்க முயன்றவரோ துன்புற்றனர். தேவி அவ்வமிலத்தின் ஆவியால் நோயுற்றார். அயர்லாந்துச் சகோதரர் நொட்சு இருவரும் கடும் நஞ்சூட்டுக்கு ஆளாயினர். பெல்சியத்து லூயேயும் நான்சி நகரத்து நிக்கிலேசும் உயிரையே இழந்தனர். முவாசானின் ஆசிரியராகிய பிரெமியும் 1850களில் முயன்று, வாயு வெளிவருவதைக் கண்டும் அதனைப் பிடித்து நிறுத்த இயலாது விட்டவர். இடையூறு எளிதிற் புரியத்தக்கதே. வெளிப்பட்ட புளோரீன் அக்கணமே கலத்தையும் நீரையும் மின்வாயையும் தாக்கி வேறொரு பொருளாகிவிடும். அமிலத்தில் நீர் சிறிதிருப்பினும் ஒட்சிசனே கிடைக்கும். நீரை முற்றாக நீக்கினாலோ அமிலம் மின்னைக் கடத்தாது.

முவாசான் முதலிற் பொசுபரசு முப்புளோரைட்டையும் பின்னர் ஆசனிக்கு முப்புளோரைட்டையும் கொண்டு முயன்றார். ஆசனிக்குச் சேர்வை அவர் உடல்நலத்தைக் கெடுத்தது. சில வாரங்கள் வேலையை நிறுத்தி ஓய்வெடுக்கவேண்டி வந்தது. திரும்பி வந்தவர், நீரற்ற ஐதரோபுளோரிக் கமிலத்தைப் பிளாற்றினத்தாலாகிய வளைகுழாயொன்றில் இட்டு, பிளாற்றின-இரிடியக் கலப்புலோக மின்வாய்களைப் பொருத்தி, புளோரசுப்பாரைக் கடைந்து செய்த அடைப்பான்களால் வாயை மூடினார். ஏற்கெனவே புளோரீனோடு சேர்ந்துவிட்ட பொருளைப் புளோரீன் மேலும் தாக்கமாட்டாதென்பது அவர் கணக்கு. குழாய் முழுவதையும் மெதையிற் குளோரைட்டைக்கொண்டு பூச்சியத்துக்கு மிகக் கீழான குளிரில் வைத்தார். அமிலத்திற் கரைந்த பொற்றாசியம் உப்பு மின்னைக் கடத்தியது. 1886ஆம் ஆண்டு யூன் 26ஆம் நாள் நேர்மின்வாயிலிருந்து வந்த வாயு சிலிக்கன் துண்டொன்றைப் பட்டவுடன் அது தீப்பற்றி எரிந்தது.

இரண்டு நாளின்பின் தெபிரே என்பார் இச்செய்தியை விஞ்ஞானக் கழகத்தில் எடுத்துரைத்தார். முவாசான் அப்பொழுது அக்கழகத்தின் அங்கத்தவரல்லர். நேரிற் கண்டு கூறுமாறு பெர்த்தெலோ, தெபிரே, பிரெமி ஆகிய மூவரைக் கழகம் அனுப்பியது. மூவரும் வந்தனர். மின்னோட்டம் முடுக்கப்பட்டது. ஒன்றும் நிகழவில்லை. முப்பத்துமூன்று வயதுடைய ஓர் ஆய்வாளனுக்கு இதனிலும் பெரிய இடர் வரமுடியுமா? நாட்டின் முதல்தர இரசாயனிகள் மூவர் எதிரே நிற்க, பல ஆண்டு உழைப்பும் பொய்யெனத் தோன்றுகிறது. அவர்கள் சென்றபின் முவாசான் ஆராய்ந்து காரணத்தைக் கண்டார். விருந்தினர் பொருட்டு அமிலத்தை மிகவும் தூய்தாக வடித்ததில், மின்னைக் கடத்தும் உப்பு அதில் அறவே இல்லாமற் போயிற்று. பொற்றாசியம் ஐதரசன் புளோரைட்டைச் சேர்த்ததும் புளோரீன் பெருகியது. குழுவினர் மீண்டும் வந்து கண்டு உறுதிப்படுத்தினர். தம்மால் முடியாததைத் தம் மாணவன் முடித்தமை கண்டு பிரெமி மனமுவந்து பாராட்டினார். அவ்வாண்டின் இறுதியிலேயே முவாசான் பாரிசு மருந்தாளர் உயர்கல்லூரியில் நஞ்சியற் பேராசிரியராக நியமனம் பெற்றார். விஞ்ஞானக் கழகம் 1891இல் அவரை அங்கத்தவராக்கிற்று.

அடுத்து அவர் மனத்தைக் கவர்ந்தது வெப்பம். அக்கால உலைகளில் உருகாத பொருள்கள் பல இருந்தன. 1892இல் முவாசான் அமைத்த மின்னுலை, சொல்லப்போனால், மிக எளிய ஒரு கருவி. சுண்ணாம்புக் கட்டிகள் இரண்டை ஒன்றன்மேலொன்றாக வைத்து, நடுவே குழியகழ்ந்து, இரு பக்கத்தாலும் காபன் கோல்களைச் செலுத்தி, அவற்றினிடையே மின்வில்லை மூட்டுவதே அதன் அமைப்பு. வெப்பம் 3,000 பாகையையும் கடந்தது. சுண்ணாம்பே உருகிக் கொதித்தது. குரோமியம், தங்குதன், யுரேனியம், மொலிப்தினம் முதலிய உலோகங்கள் கட்டிகட்டியாக வெளிவந்தன. உலையொளியில் நெடுநேரம் நின்றார்க்குக் கண்ணும் தோலும் கடுவெயிலிற் பட்டவைபோல் வருந்தின.

உலையின் கோல்களும் காபன். மூசையும் பெரும்பாலும் காபன். ஆகவே, உருகிய உலோகம் காபனோடு சேர்ந்து காபைட்டாதல் இயல்பாயிற்று. பிறரெனின் இதனை இடையூறென வெறுத்திருப்பர். முவாசானோ காபைட்டுகளையே ஒழுங்காக ஆராயத் தொடங்கினார். கல்சியம் காபைட்டு நீர் பட்டவுடன் அசற்றலீன் தரும். அலுமினியம் காபைட்டு மெதேன் தரும். யுரேனியம் காபைட்டு வாயுக்களோடு திரவ ஐதரோகாபன்களையும் தரும். பூமியின் ஆழத்திலுள்ள காபைட்டுகள் நீரோடு தாக்கியே மண்ணெண்ணெய் ஊற்றுகள் சில தோன்றியிருக்கலாமென்றும் அவர் கருதினார். அக்கருத்து நிலைபெறவில்லை. கல்சியம் காபைட்டைத் தொழின்முறையிற் செய்யும் வழியை அக்காலத்திலேயே அமெரிக்காவில் வில்சன் என்பாரும் கண்டார். யார் முந்தியவர் என்று அந்நாளில் வழக்காடியோர் உண்டு. இருவரும் தனித்தனியே கண்டனர் என்று கொள்வதே பொருந்தும்.

நீரோடு சிறிதும் தாக்காத காபைட்டுகளும் இருந்தன. மொலிப்தினக் காபைட்டு அவற்றுள் ஒன்று. மொலிப்தினத்தின் ஒட்சைட்டைச் சுவீடன் தேசத்துச் சீலே 1778இல் இனங்கண்டார். சில ஆண்டுகளின்பின் யெல்ம் என்பார் உலோகத்தையே பெற்றார். எனினும் அது தூளாகவும் மாசுடனுமே கிடைத்துவந்தது. முவாசான் அமோனியம் மொலிப்தேற்றைச் சுட்டு ஒட்சைட்டாக்கி, சர்க்கரைக் கரியோடு கலந்து உலையில் வைத்தார். கரி குறைவாயின் தூய உலோகம். கரி மிகுதியாயின் காபைட்டு. 1895இல் வெளியிட்ட கட்டுரையில் இரண்டினையும் விளக்கினார். மொலிப்தின அணு இரண்டுக்குக் காபன் அணு ஒன்றாக அமைந்த அக்காபைட்டில், நிறையில் ஏறக்குறைய நூற்றுக்கு 6 பங்கே காபன். 1904இல் ஒப்மன் என்பாரோடு சேர்ந்து, ஒன்றுக்கொன்றான வேறொரு மொலிப்தினக் காபைட்டையும் அறிவித்தார்.

இக்காபைட்டின் பிற்கால வரலாற்றை இங்கே சிறிது கூறாது செல்ல மனமில்லை. முவாசான் செய்த காபைட்டு உருகி இறுகிய கட்டி. கடினமானது; பளபளப்பானது. ஆனால் ஊக்கியாகப் பயன்படும் பொருளுக்கு வேண்டியது வேறு. இரசாயனத் தாக்கத்தைத் தான் அழியாது விரைவாக்கும் ஊக்கியானது தன் மேற்பரப்பினாலேயே தொழில் செய்வதால், உள்ளே புதைந்த அணுக்கள் வீணே. பிளாற்றினமே இத்தொழிலுக்குச் சிறந்தது. விலையோ மிகப் பெரிது. 1973இல் அமெரிக்காவின் இசுற்றான்போட்டுச் சர்வகலாசாலையில் லெவி, பூடாட் என்னும் இருவர், தங்குதன் காபைட்டு சில தாக்கங்களிற் பிளாற்றினத்தைப் போலத் தொழிற்படுகின்றதென வெளியிட்டனர். மொலிப்தினக் காபைட்டின்மேலும் உடனே கண் சென்றது. மின்வில்லின் வெப்பத்தை விட்டு, மொலிப்தினம் மூவொட்சைட்டை மெதேனும் ஐதரசனும் கலந்த வாயுவில் மெல்லமெல்லச் சூடேற்றினால், உருகாமலே காபைட்டாகும் என்றும், ஒரு கிராம் தூளுக்கு ஐம்பது சதுர மீற்றருக்கும் மேலான பரப்பு அமையும் என்றும் பூடாட்டின் குழுவினர் 1980களிற் காட்டினர்.

அதன்பின் வந்த வழி இன்னும் நயமானது. ஏவப்பட்ட காபன், அதாவது நுண்துளைகள் நிறைந்த கரி, கிராம் ஒன்றுக்கு ஆயிரம் சதுர மீற்றரளவு பரப்புடையது. அதனை அமோனியம் மொலிப்தேற்றுக் கரைசலில் ஊறவைத்து, உலர்த்தி, ஐதரசன் ஓட்டத்திற் படிப்படியாகச் சூடேற்றுவர். மூவொட்சைட்டு முதலில் ஈரொட்சைட்டாகி, மேலும் ஒட்சிசனை இழந்து, ஏறக்குறைய 700 பாகையளவிலே தான் அமர்ந்திருக்கும் கரியிலிருந்தே காபனை எடுத்துக் காபைட்டாகிறது. தாங்கும் பொருளே ஊட்டும் பொருளுமாகிறது. ஒரு மீற்றரின் நூறு கோடியில் ஒரு பங்கு நனோமீற்றர். சில நனோமீற்றர் அளவான துகள்கள் கரியின் துளைகளெங்கும் பரந்திருக்கும். வெப்பம் குறைந்தால் ஒட்சைட்டு எஞ்சும். மிகுந்தால் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பருத்துப் பரப்பு குன்றும். அன்றியும், ஐதரசன் கரியையே மெதேனாக்கிக் கொண்டுபோய்விடும். இப்பதம் தெரிந்து செய்வதிலேயே திறமை இருக்கிறது. சோறு வடிக்கும் தாய்மார்க்கு இது விளங்கும்.

செய்து முடித்ததைக் குளிர்ந்தவுடன் காற்றுக்குத் திறந்தால் அது கனன்று கெடும். ஆதலால் நூற்றுக்கு ஒரு பங்களவு ஒட்சிசன் கலந்த சடவாயுவைச் சில மணிநேரம் செலுத்தி, மெல்லிய ஒட்சைட்டுப் போர்வையொன்றை ஏற்றிய பின்னரே வெளியே எடுப்பர். முவாசான் தம் இளமையில் காற்றுப் பட்டவுடன் தீப்பற்றும் நுண்ணிய இரும்புத் தூளை ஆராய்ந்தவர். இந்த இடர் அவர்க்குப் புதிதாக இருந்திராது. கிடைத்த பொருள் இன்னதென அறிதற்கு எட்சுக் கதிர்களைச் செலுத்தி, வரும் கோடுகளின் இடத்தால் சேர்வையையும், கோடுகளின் அகலத்தால் துகளின் அளவையும் மதிப்பர். காபனோரொட்சைட்டு எவ்வளவு ஒட்டுகின்றதென அளந்து, தொழில் செய்யும் இடங்களை எண்ணுவர். எண்ணெய்களிலிருந்து கந்தகத்தையும் ஒட்சிசனையும் நீக்குதற்கும், நீரை மின்னாற் பகுத்து ஐதரசன் பெறுதற்கும் இவ்வூக்கிகள் ஆராயப்படுகின்றன. பிளாற்றினத்தை இவை முற்றாக வெளியேற்றிவிடவில்லை. ஆயினும் மலிவான உலோகமொன்றும் கரியும் சேர்ந்து அதன் அருகே வந்து நிற்பது சிறிய காரியமன்று.

முவாசானிடம் மீள்வோம். காபன் அவரை விட்டபாடில்லை. 1893இல் வைரத்தையே செய்துவிட்டதாக அவர் அறிவித்தார். இரும்பைச் சர்க்கரைக் கரியோடு மின்னுலையில் உருக்கி, செஞ்சூட்டோடு குளிர்நீரில் அமிழ்த்தினால், மேற்புறம் முதலில் இறுகும். உள்ளிருக்கும் இரும்பு இறுகும்போது பெரும் அமுக்கம் உண்டாகும். அவ்வமுக்கத்திற் காபன் வைரமாகும் என்பது அவர் கொள்கை. இரும்பை அமிலங்களிற் கரைத்தபின் எஞ்சிய நுண்மணிகளில் ஒளியூடுசெல்லும் சிலவற்றை வைரமென அவர் நம்பினார். உலகம் வியந்தது. ஆனால் பிறர் கையில் அது கைகூடவில்லை. இங்கிலாந்திற் பார்சன்சு பல்லாண்டு முயன்றும் ஐயத்தோடேயே விட்டார். சலிப்புற்ற உதவியாளன் ஒருவன் மெய்வைரத் துணுக்கைக் கலந்துவிட்டான் என்று ஒரு வதந்தியும் பின்னர் எழுந்தது. அதனை மெய்ப்பிப்பார் இல்லை. அவ்வுலை தரக்கூடிய அமுக்கம் வைரத்துக்குப் போதாதென்பதே இன்றைய அறிவு. அமெரிக்காவில் 1954ஆம் ஆண்டு திசெம்பரில் வைரம் செய்தோர் பல்லாயிரம் வளிமண்டல அமுக்கத்தைப் பயன்படுத்தினர். உருகிய உலோகத்தின் துணையை அவர்களும் நாடினர் என்பது முவாசானுக்கு ஓர் ஆறுதலாகலாம்.

அதே 1893இல் அரிசோனாவில் வீழ்ந்த விண்கல்லொன்றின் துணுக்கை ஆராய்ந்தபோது, அதிற் கண்ட மணிகளையும் வைரமென்றே முதலிற் கொண்டார். பின்னர்த் தாமே மீண்டும் ஆராய்ந்து, அவை சிலிக்கன் காபைட்டு என 1904இல் திருத்திக் கூறினார். அடுத்த ஆண்டு அக்கனிப்பொருளுக்கு முவாசனைற்று என்று பெயர் சூட்டப்பட்டது. இன்று நகைக்கடைகளில் வைரத்துக்குப் பதிலாக விற்கப்படும் முவாசனைற்றுக் கற்கள் தொழிற்சாலையிற் செய்யப்படுவன. அவர் செய்ததாக நம்பிய வைரத்தைக் காட்டிலும், வைரமன்று என்று அவரே ஒப்புக்கொண்ட கல்லே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

1899இல் மருந்தாளர் கல்லூரியின் அசேதன இரசாயனப் பேராசிரியராகவும், 1900இற் சோர்போன் விஞ்ஞான பீடப் பேராசிரியராகவும் ஆனார். அவர் விரிவுரைக்கு இடம் பிடிக்க மாணவர் முந்துவர். பேச்சுத் தெளிவு ஒரு காரணம். மேசைமீது அவர் செய்துகாட்டும் பரிசோதனைகள் மறு காரணம். ஓவியங்களையும் பழைய கையெழுத்துகளையும் திரட்டுவதில் விருப்பமுடையவர். இளமையில் நாடகம் எழுதியும் பார்த்தவர். 1897இல் தேவாரோடு சேர்ந்து புளோரீனைத் திரவமாக்கினார். ஐந்து பாகங்களாக வந்த அசேதன இரசாயனப் பெருநூலொன்றை 1904 முதல் 1906 வரை பதிப்பித்து முடித்தார்.

1906ஆம் ஆண்டின் இரசாயன நோபெற் பரிசு, புளோரீனையும் மின்னுலையையும் பாராட்டி அவருக்கு அளிக்கப்பட்டது. இரசாயனத்துக்காக அதனைப் பெற்ற முதற் பிரான்சியர் அவரே. அவ்வாண்டு உருசிய மேதை மெந்தலீவின் பெயரும் முன்வைக்கப்பட்டிருந்தது. ஆவர்த்தன அட்டவணையைத் தந்த அப்பெரியார்க்கு அப்பரிசு கிட்டாமற் போனமை இன்றும் பலர்க்கு மனக்குறையே. முவாசானின் தகுதியில் ஐயமில்லை எனினும், அக்குறை நியாயமானதென்றே நமக்கும் தோன்றுகிறது. மெந்தலீவ் 1907 பெப்புருவரி 2ஆம் நாள் மறைந்தார். சுவீடனிலிருந்து திரும்பிச் சில வாரங்களே ஆகியிருந்த முவாசானைக் குடல்வால் அழற்சி பற்றியது. அதே பெப்புருவரி 20ஆம் நாள் அவரும் காலமானார். வயது 54. ஆசனிக்கும் ஐதரோபுளோரிக் கமிலமும் அவ்வுடலிலிருந்து எவ்வளவு வலிமையைக் கவர்ந்திருந்தன என்பதை அளந்துரைப்பார் யார்?

அவர்க்கு ஒரே மகன், லூயி. 1885இற் பிறந்தவன், தந்தையாரின் கல்லூரியிலேயே உதவியாளனாயிருந்தான். 1914ஆம் ஆண்டு ஓகத்து மாதம், முதலாம் உலகப் போர் மூண்ட சில நாட்களுக்குள்ளேயே போர்க்களத்தில் வீழ்ந்தான். தன் செல்வத்தை மருந்தாளர் கல்லூரிக்கு எழுதிவைத்திருந்தான். இரசாயனத்துக்கெனத் தந்தையார் பெயரில் ஒன்று, மருந்தாளர் கலைக்கெனத் தாயாரின் குடிப்பெயராகிய லுகான் பெயரில் ஒன்று என, இரு பரிசுகள் அதனைக்கொண்டு நிறுவப்பட்டன.